நடுக்கட்டத்தில் இட்ட குறி

மெர்ல் டாலஃப்சன் முப்பத்தொரு அறுவடைகளாக லாரிகளை எடை போட்டு வந்தார். எல்ஸ்டாட் ஊர்த் தானியக் கிடங்கின் வாசலில் இருக்கும் எடைமேடையில் லாரி பாரத்தோடு ஒரு முறை ஏறும். உள்ளே போய்க் கொட்டிவிட்டுக் காலியாக இன்னொரு முறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மக்காச்சோளம். அதில் இருபது பவுண்டு இடித்தாலும் மெர்ல் சாப்பிடப் போகமாட்டார். மேடையைப் பெருக்கி, அடியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, மறுபடி ஏற்றச் சொல்வார். லாரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவருடைய சீட்டோடு யாரும் வாதாடியதில்லை.

இத்தனை துல்லியமான மனிதருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்ல வராது. அந்த ஊரில் யாருக்குமே வராது என்பதால் அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்பார்கள். இதோ கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்டால், சரி, அரைக் கோப்பை என்று உட்காரலாம். அப்புறம் மூன்று கோப்பை குடித்தாலும் யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். தட்டில் கேக் துண்டு ஒன்று மிஞ்சினால், ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதியை எடுப்பார். விருந்து முடியும்போது நகத்தளவு துண்டு ஒன்று தட்டில் கிடக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள்.

மெர்ல் கல்யாணம் செய்துகொண்டதும் இப்படித்தான். 1981 மே மாதம் ஆர்லிஸிடம், "ஹார்டுவேர் கடைக்கு மேல இருக்கிற வீடு காலியாகுதாம். ரெண்டு பேருக்குச் சரியா இருக்குமாம்" என்றார். ஆர்லிஸ், "அப்படியா?" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி சொன்னார். "நல்ல வீடுதான்" என்றார் ஆர்லிஸ். ஐந்தாம் வாரம் மூன்றாவது தடவையாகச் சொன்னபோதுதான் ஆர்லிஸ், "எந்த மாசம் காலியாகுது?" என்று கேட்டார். செப்டம்பரில் குடியேறினார்கள்.

ஒரே மகன். அவன் டென்வரில் வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. பள்ளி நூலகர் லோர்னா ஹெக்ஸ்டாட், வெளிநாட்டு மாணவர்களை ஒரு கல்வியாண்டுக்கு உள்ளூர் வீடுகளில் தங்க வைக்கும் வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தார். 2013 வசந்தத்தில், மாடியறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு பெண்ணை வைத்துக்கொள்கிறீர்களா என்று அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டார். மூன்றாம் ஞாயிறு, "பாக்கலாம்" என்றார் மெர்ல். லோர்னா உடனே பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

ஆகஸ்டு 24, சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு வீப்கெ ஹார்ம்ஸ் வந்து இறங்கினாள். பதினாறு வயது. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கடலோரச் சமவெளியில் லேயர் என்கிற ஊர். ஒரு பெட்டி, ஒரு டிரம்பெட், துணியில் சுற்றிய ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று சின்னப் பீங்கான் கோப்பைகள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆர்லிஸ், கொத்திய இறைச்சிமேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்டு வைத்திருந்தார். பெண் ஒரு தட்டு சாப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

"வேண்டாம், நன்றி."

"ஓரத்துல மொறுமொறுன்னு இருக்கு பாரு, அந்தத் துண்டு?"

"வேண்டாம்."

"அட, கூச்சப்படாதே. நிறைய இருக்கு."

வீப்கெ முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆர்லிஸ், நான் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டேன். நான் சொல்றதை நீங்க நம்பலையா?"

"ஓ, அப்படியா. சரி" என்றார் ஆர்லிஸ். அவர் வாயிலிருந்து அதைவிடக் கடுமையான சொற்கள் வந்து மெர்ல் கேட்டதில்லை. பாத்திரம் துடைக்கும்போது, "பொண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி" என்றார். மெர்ல், "நேரா பேசறா" என்றார்.

மறுநாள் மாலை வீப்கெ தேநீர் போட்டாள். வாசனை வரவேற்பறைவரை வந்தது. "மெர்ல், டீ குடிக்கிறீங்களா?"

"ஐயோ, எனக்காக வேண்டாம்."

"சரி" என்றாள். மூன்று கோப்பையையும் அவளே குடித்துவிட்டு, கெண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மெர்ல் செய்தித்தாளுக்குப் பின்னால் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. மறுநாளும் அதேதான். பதினோரு நாள்.

கிடங்கில் கூட வேலை பார்க்கும் டுவேன் கேட்டான். "உங்க வீட்டு ஜெர்மன் பொண்ணு ஏதோ விசேஷமா டீ போடறாளாமே. எப்படி இருக்கு?"

"தெரியாது. வாசனை நல்லாயிருக்கு."

"பதினோரு நாளா மோந்து பாத்துக்கிட்டா இருக்கே? எங்க வீட்டு நாய்கூட இந்நேரம் ஒரு தடவை குரைச்சிருக்கும்யா!"

அன்று மாலை மெர்ல் கடையில் ஒரு தேயிலைப் பொட்டலம் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் சமையல் மேடையில் வைத்தார். வீப்கெ பொட்டலத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இது எனக்கா, உங்களுக்கா?"

"சும்மா, கடையில கிடந்துது."

"உங்களுக்கு டீ வேணுமா? ஆமாவா, இல்லையா?"

"நீ போடறதா இருந்தா... மிச்சம் இருந்தா..."

"பதினோரு நாளா இருந்துச்சே! ஏன் சொல்லல?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவரை மேசைக்கு இழுத்து வந்து உட்கார வைத்து, கோப்பையில் ஒரு கற்கண்டைப் போட்டுச் சூடான தேநீரை ஊற்றினாள். கற்கண்டு சடசடவென்று வெடித்தது. மேலே ஒரு துளி பாலேடு விட்டாள். "கலக்கக் கூடாது. அப்படியே குடிக்கணும்."

"அப்ப இந்த ஸ்பூன் எதுக்கு?"

"எங்க ஊர்ல இன்னும் வேணுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஊத்திக்கிட்டே இருப்பாங்க. போதும்னா ஸ்பூனைத் தூக்கிக் கப்புக்குள்ள வைக்கணும். அதுக்கு மேல ஊத்த மாட்டாங்க. மூணு கப்புக்கு முன்னாடி வெச்சா மரியாதை இல்ல."

"பேசவே வேண்டாமா?"

"வேண்டாம்."

மெர்ல் கரண்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எடைச்சீட்டைப்போல ஐயத்துக்கு இடமில்லாத ஏற்பாடாக அது அவருக்குத் தோன்றியது. மூன்றாம் கோப்பை முடிந்ததும் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். கணீரென்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு தினமும் மாலை நாலு இருபதுக்குத் தேநீர். நவம்பரிலிருந்து ஆர்லிஸும் சேர்ந்துகொண்டார். வீப்கெ பள்ளிக்கூடத்தை நாள் தவறாமல் திட்டித் தீர்ப்பாள். கணக்கு வகுப்பில் அவள் இரண்டு வருடம் முன்பு படித்ததையே நடத்துகிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் கார் ஓட்டக் கூடாது என்பது விதி, எங்கே போக வேண்டுமானாலும் யாரிடமாவது கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. "கேட்டா எல்லாரும் சரிங்கறாங்க. ஆனா நிஜமாவே சரியா, இல்ல மனசுக்குள்ள திட்டறாங்களான்னு தெரியல. இந்த ஊர்ல ஒருத்தர் முகத்தைப் பாத்து எதையும் கண்டுபிடிக்க முடியல!"

"திட்டமாட்டாங்க" என்பார் ஆர்லிஸ்.

"அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஆர்லிஸ் அவள் கோப்பையை நிரப்புவார்.

கூடைப்பந்து ஆட்டங்களில் பள்ளியின் வாத்தியக் குழு வாசிக்கும். வீப்கெ இரண்டாவது வரிசையில் டிரம்பெட். டிசம்பரில் உள்ளூரில் நடந்த நான்கு ஆட்டங்களுக்கும் மெர்லும் ஆர்லிஸும் போனார்கள். மேலிருந்து மூன்றாம் படியில் உட்காருவார்கள். அவர்களுக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்பதே தெரியாது. "உங்களுக்குப் பாஸ்கட்பால்னா இவ்வளவு பிடிக்குமா?" என்று வீப்கெ கேட்டாள். "பொழுது போகும்" என்றார் மெர்ல்.

ஜனவரி 6, திங்கட்கிழமை, குளிருக்குப் பயந்து மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூடினார்கள். மெர்லின் வீட்டு வெப்பமானி காலை ஏழு மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி காட்டியது. மூன்று பேரும் நாள் முழுவதும் சமையலறையில் சீட்டு விளையாடினார்கள். கெண்டி ஐந்து முறை நிரம்பியது. மாடிக்குப் போகும்போது வீப்கெ, "இங்க வந்ததுல இதுதான் ரொம்ப நல்ல நாள்" என்றாள். மெர்ல், "குளிர்தான் கொஞ்சம் அதிகம்" என்றார். சொன்ன பிறகு, தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது அவருக்கு.

அடுத்த திங்கள் அரையாண்டுப் படிவம் வந்தது. மாணவிக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று கட்டங்கள். இதே வீட்டில் தொடர விருப்பம். எதுவானாலும் சம்மதம். வேறு வீடு மாற்ற விருப்பம். பதினேழாம் தேதிக்குள் லோர்னாவிடம் தனித்தனி உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

வீப்கெ தன் படிவத்தைத் தேநீர் மேசையில் விரித்து வைத்தாள்.

"நான் ஜூன் வரைக்கும் இங்கயே இருக்கணும்னு நீங்க விரும்பறீங்களா?"

"உனக்கு எது வசதியோ அதான் கண்ணு" என்றார் ஆர்லிஸ்.

"என் வசதி எனக்குத் தெரியும். நான் உங்களைக் கேக்கறேன்."

"எங்களுக்காக நீ இருக்கணும்னு இல்ல."

அவள் மெர்ல் பக்கம் திரும்பினாள். "மெர்ல், நீங்க?"

"எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம்தான்."

இரண்டு முறை கேட்டாயிற்று. மூன்றாவதற்கு மெர்ல் பதிலைத் தயாராக நாக்கின் நுனியில் வைத்திருந்தார். "நீ இருந்தா எங்களுக்கு நல்லாயிருக்கும்." நான்கே சொற்கள். வீப்கெ அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மெர்லும் ஆர்லிஸும் தங்கள் படிவத்தின் முன் உட்கார்ந்தார்கள்.

"முதல் கட்டத்துல போட்டா, அவளைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றார் ஆர்லிஸ். "அவளுக்குப் பெரிய ஊர்ல இருக்கணும்னு ஆசை இருந்தா? நம்ம முகத்துக்காக இருந்துடுவா."

"மூணாவதுல போட முடியாது."

"அதெப்படிப் போடறது!"

மெர்ல் பேனாவால் நடுக்கட்டத்தில், கோட்டைத் தொடாமல், ஒரு குறி இட்டார்.

இருபத்துநாலாம் தேதி பகல் பதினொன்றரைக்கு லோர்னா கிடங்குக்கே வந்தார். நாற்பத்தொரு மைல் தள்ளி, மாவட்டத் தலைநகரில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டு மாணவி உடம்பு சரியில்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அறை தயாராக இருக்கிறது.

"உங்களுக்கு எதுவானாலும் சம்மதம்னு போட்டிருக்கீங்க. வீப்கெயை அங்க அனுப்பலாம்னு பாக்கறேன். ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க மெர்ல்."

"இல்ல, இல்ல."

"நிஜமாவே?"

"எங்களால உனக்குச் சிரமம் வேண்டாம் லோர்னா."

லோர்னாவும் அதே ஊர்க்காரிதான். மூன்றாவது முறை கேட்க வாய் திறந்தார். அந்த நேரம் பார்த்து எடைமேடையில் ஒரு லாரி ஏறி ஹாரன் அடித்தது. மெர்ல் வெளியே போனார். சக்கரத்தில் பனி ஒட்டியிருந்ததால் இரண்டு தடவை எடை போட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது லோர்னா போய்விட்டிருந்தார். டுவேன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்யா, வாய்ல என்ன கொழுக்கட்டையா? போகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"லோர்னா கேக்கல."

"ரெண்டு தடவை கேட்டா, நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்!"

மெர்ல் எடைச்சீட்டை இரண்டாக மடித்துக் கம்பியில் குத்தினார்.

பிப்ரவரி 1, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடைசித் தேநீர். பெட்டி வாசலருகே நின்றது. ஆர்லிஸ், வழியில் சாப்பிட ஏதோ கட்டிக்கொண்டே இருந்தார். மெர்ல்தான் ஊற்றினார். முதல் கோப்பை. இரண்டாவது. மூன்றாவதை வீப்கெ மெதுவாகக் குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்தாள். கரண்டி தட்டின் ஓரத்திலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கெண்டியில் இன்னும் இரண்டு கோப்பை தேநீர் இருந்தது. அதன் கனத்தை மெர்லின் கை உணர்ந்தது. கோப்பையைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார்.

"காத்து ஏறுது. ரோட்டுல பனி வந்து குவிஞ்சிடும்" என்றார் ஆர்லிஸ் ஜன்னலருகிலிருந்து.

வாசலில் லோர்னாவின் கார் வந்து நின்றது. மெர்ல் கெண்டியைக் கீழே வைத்தார். "ஆமா, லேட் பண்ணா கஷ்டம்" என்றார்.

அந்தக் கோப்பை ஒரு வாரம் மேசையிலேயே இருந்தது. ஆர்லிஸ் அதைச் சுற்றித் துடைத்தாரே தவிர எடுக்கவில்லை. செவ்வாயன்று உள்ளூரில் ஆட்டம் இருந்தது. இருவரும் போகவில்லை. வெள்ளிக்கிழமை, துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் வீப்கெயின் கம்பளிக் கையுறைகள் கிடைத்தன.

"தபால்ல போட்டுடலாம்" என்றார் ஆர்லிஸ்.

"திங்கக்கிழமைதான் போகும்."

"ஆமா. அதுவரைக்கும் குளிருமே."

"குளிரும்."

"ரோடு சுத்தமா இருக்குன்னு ரேடியோவுல சொன்னான்."

மறுநாள் ஒரு மணிக்கு மெர்ல் கார்ச் சாவியை எடுத்தார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வீப்கெயின் புது வீட்டுக் கதவைத் தட்டினார். கார்லா என்கிற நாற்பது வயதுப் பெண் திறந்தார். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றார் மெர்ல். மறுபடி கேட்டார். இதோ கிளம்புகிறேன் என்றார். மூன்றாவது முறை கேட்டார், மெர்ல் காலணியைக் கழற்றினார். வீப்கெ மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"இதை விட்டுட்டுப் போயிட்ட." கையுறைகளை நீட்டினார்.

"இதுக்கா நாப்பத்தொரு மைல் வந்தீங்க?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையும் இருந்துது."

"என்ன வேலை?"

மெர்லிடம் வேலை எதுவும் இல்லை. கார்லா காப்பியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். வீப்கெ கையுறைகளை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மெர்ல், மறுபடி கேக்கறேன். எதுக்கு வந்தீங்க?"

அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். இது மூன்றாவது.

"எனக்குப் பாஸ்கட்பால் பிடிக்காது" என்றார். "ஆர்லிஸுக்கும் பிடிக்காது. நீ வாசிக்கிறதைக் கேக்கத்தான் வந்தோம். நீ போன பிறகு போகல. நீ இருந்தா எங்களுக்கு நல்லாயிருக்கும்."

வீப்கெயின் முகம் சிவந்தது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் மேசையை அறைந்தாள்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல? நான் கேட்டேன்! நேராக் கேட்டேன்! நீங்க ரெண்டு பேரும் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க!"

"நீ ரெண்டு தடவைதான்..."

"எத்தனை தடவை கேக்கணும்? அதை எங்கயாவது எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்களா? நான் ஸ்பூனைக்கூட வைக்கல. அது உங்களுக்குத் தெரியும். நீங்க பாத்தீங்க!"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

மெர்ல் மேசையிலிருந்த கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வீப்கெ போனை எடுத்து அங்கேயே லோர்னாவை அழைத்து, மூவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். தான் திரும்பிப் போக விரும்புவதாகவும், மெர்லும் விரும்புவதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள்.

லோர்னா தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒரு அரையாண்டுக்குள்ள ரெண்டாவது தடவை மாத்த முடியாது கண்ணு. அந்த வீட்டுல ஏதாவது தப்பு நடந்திருந்தா தவிர. புதுப் பள்ளியில பதிவும் முடிஞ்சிடுச்சு." பிறகு, "எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு பேருமே நடுக்கட்டத்துலதானே போட்டிருந்தீங்க?"

மெர்ல் நிமிர்ந்து பார்த்தார். "நீயுமா?"

"நான் முதல் கட்டத்துல போட்டா, உங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது. பிடிக்காமலே வெச்சுக்குவீங்கன்னு நினைச்சேன். மூணு பேரும் ஒரு மேசையில டீ குடிச்சுக்கிட்டு..." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் கூட உங்களை மாதிரியே ஆயிட்டேன்!"

சமையலறை வாசலிலிருந்து கார்லா மெல்ல, "எனக்கு எப்படி இருந்தாலும் சம்மதம்தான்" என்றார்.

"யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" என்று கத்தினாள் வீப்கெ.

விதி விதியாகவே இருந்தது. லோர்னா மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். எல்ஸ்டாட்டில் அப்படிச் சொன்னால் முடியாது என்று பொருள். மெர்லுக்கு அது தெரியும். இப்போது வீப்கெக்கும் தெரியும். வாசல்வரை வந்தாள். கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். கார் கிளம்பும்போது கையை உயர்த்தினாள், அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து பத்து. தேநீர் நேரம் ஐம்பது நிமிடம் தாண்டியிருந்தது. ஆர்லிஸ் மேசையருகே நின்றுகொண்டிருந்தார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எத்தனாவது தடவை?"

"மூணாவது."

ஆர்லிஸ் தலையசைத்தார். படிவத்தைப் பற்றி மெர்ல் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே இருட்டும்வரை இருவரும் விளக்குப் போடவில்லை. பிறகு ஆர்லிஸ் எழுந்து விளக்கைப் போட்டு, மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அடியில் தேநீர் காய்ந்து வளையமாகப் படிந்திருந்தது. கரண்டி தட்டின் ஓரத்திலேயே, வைத்தது வைத்தபடி.

"இதைக் கழுவிடட்டுமா?"

"வேண்டாம்."

"கறை புடிச்சிடும். ஊறப் போட்டு வைக்கிறேனே?"

"வேண்டாம்."

முப்பத்திரண்டு வருட வழக்கப்படி ஆர்லிஸ் மூன்றாம் முறையும் கேட்டார். "ஒரு நிமிஷ வேலைதானே, எடுத்துடட்டுமா?"

"நான் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டேன் ஆர்லிஸ்" என்றார் மெர்ல். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

ஆர்லிஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"ஓ, அப்படியா. சரி" என்றார்.